அடுப்பு இன்னும் எரிகிறதா?

சூழல் காக்கும் தொண்டு அமைப்புகளின் பணியை எப்படி அளப்பது? அளந்து காட்டினால் பணம் கிடைக்குமா? ஒடிசாவின் சமையலறைகளில் தொடங்கி மும்பை பங்குச் சந்தை வரை நீளும் கேள்வி இது.

பரிசு ஒரு மண் அடுப்பு. அதற்காக 2006-ல் தொடங்கி, அன்றைய ஒரிஸாவின் 44 கிராமங்களில் ஊரார் முன்னிலையில் குலுக்கல் நடந்தது. பட்டியலில் சுமார் 2,600 குடும்பங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களுக்கு முதல் சுற்றிலேயே அடுப்பு; மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். புகைபோக்கி வைத்த அடுப்பு அது. புகை குறையும், விறகு மிச்சமாகும் என்பது சோதனைச்சாலையில் தெரிந்திருந்தது. செலவில் பெரும்பகுதி மானியம். மண்ணும் உழைப்பும் கொத்தனாருக்குச் சிறு தொகையும்தான் குடும்பத்தின் பங்கு.

அடுப்புகளைக் கட்டிக் கொடுத்தது கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம். அளந்து பார்க்க வந்தவர்கள் பொருளாதார நிபுணர்களான ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன். (இவர்களில் டுஃப்லோ 2019-ல் நோபல் பரிசு பெற்றார்.) குலுக்கல் நடத்தியதற்குக் காரணம் இருந்தது. அடுப்பு கிடைத்த வீட்டுக்கும் கிடைக்காத வீட்டுக்கும் அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு வித்தியாசம் இருக்கக் கூடாது. அப்போதுதான் பின்னால் தெரியும் மாற்றம் அடுப்பினால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா என்று சொல்ல முடியும்.

நான்கு ஆண்டுகள் வீடு வீடாகப் போனார்கள். சமைக்கும் பெண்களின் மூச்சுக்காற்றில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று பார்த்தார்கள். நுரையீரல் ஊதும் பலத்தை அளந்தார்கள். விறகுச் செலவை எழுதிக்கொண்டார்கள். முதல் ஆண்டில் நல்ல சேதி வந்தது: உள்ளே போகும் புகை குறைந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் அந்தக் குறைவு காணாமல் போயிற்று. நுரையீரலில் மாற்றம் இல்லை. விறகும் மிச்சமாகவில்லை.

என்ன ஆயிற்று? அடுப்பில் விரிசல் விட்டது, யாரும் பூசவில்லை. புகைபோக்கி அடைத்தது, யாரும் சுத்தம் செய்யவில்லை. நல்ல நிலையில் இருந்த வீடுகளில்கூட, வாரத்தில் சமைத்த வேளைகளில் சிறு பங்குதான் புது அடுப்பில் நடந்தது. மற்ற வேளைகளில் பழைய அடுப்பே எரிந்தது. 2012-ல் இந்த முடிவுகள் வெளியானபோது உலகம் வேறொரு மனநிலையில் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 2020-க்குள் 10 கோடி வீடுகளுக்குத் தூய அடுப்பு என்ற இலக்கோடு ஒரு சர்வதேசக் கூட்டணி தொடங்கியிருந்தது.

'எத்தனை அடுப்பு கட்டினீர்கள்?' என்று மட்டும் கேட்டிருந்தால் ஒடிசாத் திட்டம் ஒரு வெற்றிக் கதை. 'எத்தனை இன்னும் எரிகிறது?' என்று கேட்டதால் கதை மாறியது.

இது தொண்டு நிறுவனங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2016-ல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு போய்ச் சேர்ந்தது. இணைப்புகளின் எண்ணிக்கை மேடைதோறும் முழங்கியது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019-ல் தந்த அறிக்கையோ வேறொன்றை எண்ணியது. 2018 டிசம்பர் நிலவரப்படி, இணைப்பு பெற்று ஓராண்டுக்கு மேலான 3.18 கோடி குடும்பங்கள் சராசரியாக ஆண்டுக்கு 3.21 சிலிண்டர்தான் வாங்கியிருந்தன.

ஒரே ஊர், மூன்று விடை

அடுப்பு விஷயத்தில் அடி வாங்கிய கிராம் விகாஸ் ஒன்றும் அனுபவமில்லாத நிறுவனமல்ல. அதன் வேர் சென்னையில் இருக்கிறது. 1971-ல் ஒரிஸாவைப் புயல் தாக்கியபோது நிவாரணப் பணிக்குச் சென்ற சென்னை மாணவர் இயக்கத்தின் தலைவர் ஜோ மடியாத். அங்கேயே தங்கிவிட்ட சிலருடன் 1979-ல் கஞ்சம் மாவட்டத்தில் அவர் தொடங்கியதுதான் கிராம் விகாஸ். 1980-களில் தொடங்கிப் பத்தாண்டுகளில் 54,000-க்கும் மேற்பட்ட சாண எரிவாயுக் கலன்களை அது கட்டியது.

1992-ல் அது வேறொரு வேலையைக் கையில் எடுத்தது. வீட்டுக்கு ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை, குழாயில் தண்ணீர். நிபந்தனை ஒன்றுதான்: ஊரில் எல்லாக் குடும்பமும் சேர வேண்டும். மேல்சாதி, கீழ்ச்சாதி, விதவை, நிலமில்லாதவர் என்று யார் விடுபட்டாலும் ஊருக்கே கிடையாது. சராசரியாகக் குடும்பத்துக்கு ரூ. 1,000 வீதம் ஊர் பணம் திரட்டி வைப்பு நிதியில் போட வேண்டும். வசதியுள்ளவர் அதிகம் தரலாம், இல்லாதவர் குறைத்துத் தரலாம். அந்த நிதியின் வட்டியிலிருந்து, பின்னால் தனிக்குடித்தனம் போகும் குடும்பங்களுக்குக் கழிப்பறை கட்ட உதவி கிடைக்கும். பின்னாளில் இந்தத் திட்டம் 'மந்த்ரா' என்று பெயர் பெற்றது. கிராம மாற்றத்துக்கான இயக்கம், செயல் கூட்டமைப்பு என்பது அந்த ஆங்கிலச் சுருக்கத்தின் பொருள்.

இதையும் வெளியார் அளந்தார்கள். டுஃப்லோ, கிரீன்ஸ்டோன் உள்ளிட்ட குழு, சுமார் 100 கிராமங்களில் மாதாமாதம் பதிவான நோய்க் கணக்கை ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டது. சிகிச்சை தேவைப்பட்ட வயிற்றுப்போக்கு 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்திருந்தது. அந்தப் பலன் ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் நீடித்தது. நிறுவனத்துக்கு இதைவிட நல்ல நற்சான்று வேறென்ன வேண்டும்?

ஆனால் கதை அதோடு முடியவில்லை. வேறொரு ஆய்வுக் குழு, திட்டம் நடந்த 45 கிராமங்களையும் அதே போன்ற, திட்டம் நடக்காத 45 கிராமங்களையும் ஒப்பிட்டது. 2019-ல் வெளியான அதன் முடிவுப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆனால் வயதுக்கேற்ற உயரத்தில் திட்டக் கிராமத்துக் குழந்தைகள் சற்று முன்னே இருந்தார்கள். கழிப்பறையும் தண்ணீரும் பரவலாக இருந்தன, பயன்பாட்டிலும் இருந்தன.

இரண்டு ஆய்வும் பொய் சொல்லவில்லை. ஒன்று அதே ஊர்களைக் காலத்தில் முன்னும் பின்னுமாகப் பார்த்தது. மற்றது ஊருக்கு ஊர் ஒப்பிட்டது. ஒன்று சிகிச்சை பெற்றவர்களை எண்ணியது. மற்றது வீட்டில் கேட்டு எழுதியது. ஆய்வு நடந்த ஆண்டுகளும் வேறு வேறு. அதே மாநிலத்தின் புரி மாவட்டத்தில், அரசின் முழுச் சுகாதார இயக்கத்தின் கீழ் கழிப்பறை கட்டிய கிராமங்களில் நடந்த இன்னொரு ஆய்வு 2014-ல் வெளியானது. அங்கே கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தும் வயிற்றுப்போக்கு குறையவில்லை. இந்தப் பின்னணியில் பார்த்தால்தான், மந்த்ரா கிராமங்களில் தெரிந்த சிறு உயரமும் எவ்வளவு அரிது என்பது புரியும்.

நிதி கேட்டுப் போகும் நிறுவனத்துக்கு இங்கேதான் தர்மசங்கடம். முதல் ஆய்வை மட்டும் மேசையில் வைத்தால் காசோலை கிடைக்கலாம். மூன்றையும் வைத்தால் அதிகாரியின் புருவம் உயரும். ஆனால் மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அடுத்து எங்கே பணம் போட வேண்டும் என்பது தெரியும். அடுப்புக்கும் கழிப்பறைக்கும் இடையே கண்ணில் படும் வித்தியாசம் ஒன்று உண்டு. அடுப்பு உடைந்தபோது பொறுப்பேற்க ஊரில் ஓர் அமைப்பு இல்லை. குழாய் உடைந்தால் கேட்க ஒரு கிராமக் குழுவும் ஒரு வைப்பு நிதியும் இருந்தன.

பொறியாளரின் பார்வை

மதிப்பீடு என்றாலே குற்றம் காண வருபவர் என்ற பயம் தொண்டு வட்டாரத்தில் உண்டு. ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் நடந்தது அதற்கு நேர்மாறு. 1985-ல் அங்கே போன ராஜேந்திர சிங்கின் தருண் பாரத் சங்கம், ஊர் மக்களோடு சேர்ந்து 'ஜோஹட்' எனப்படும் மண் கரைத் தடுப்புகளை மீட்டுக் கட்டியது. அனுமதியில்லாத கட்டுமானம் என்று பாசனத் துறை நோட்டீஸ் விட்டது. பொறியாளர் வரைபடம் இல்லாமல் கிராமத்தார் எழுப்பும் மண் கரை அடுத்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகும் என்ற வாதத்தை எதிர்த்து உணர்ச்சிகரமாகப் பேசிப் பயனில்லை. அளந்து காட்ட ஒருவர் வேண்டியிருந்தார்.

வந்தவர் ஜி.டி. அகர்வால். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் உறுப்பினர்-செயலர். (கங்கைக்காக உண்ணாவிரதம் இருந்து 2018-ல் இறந்தவரும் இவர்தான்.) 1996-ல் 36 கிராமங்களின் கட்டுமானங்களை ஒரு பொறியாளரின் கண்ணோடு பார்த்து அறிக்கை தந்தார். இடத் தேர்வு சரியா, கரை தாங்குமா, எவ்வளவு நீர் தேங்கும், அதற்கு எவ்வளவு செலவு என்பவை அவர் எழுப்பிய கேள்விகள். மிகக் குறைந்த செலவில், உள்ளூர் அறிவைக் கொண்டு, தாக்குப்பிடிக்கும் கட்டுமானங்கள் எழுந்திருக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. அந்த ஒரு அறிக்கை செய்த உதவியை நூறு புகைப்படங்கள் செய்திருக்காது. 2001-ல் ராஜேந்திர சிங்குக்கு மகசேசே விருதும் 2015-ல் ஸ்டாக்ஹோம் நீர் விருதும் கிடைத்தன.

இங்கும் பின்னால் வந்தவர்கள் கூடுதல் கேள்வி கேட்டார்கள். 2010, 2011-ல் வெளியான நீரியல் ஆய்வுகள் அர்வாரி ஆற்றின் படுகை முழுவதையும் கணக்கில் எடுத்தன. தடுப்புகளால் நிலத்தடி நீர் ஊறுகிறது என்பதை அவை உறுதி செய்தன. கூடவே, மேலே தேக்கும் அளவு கூடக் கூடக் கீழே ஓடும் நீர் குறையும் என்பதையும் காட்டின. ஓர் ஊரின் லாபத்தை மட்டும் எண்ணும் மதிப்பீடு, அடுத்த ஊரின் நஷ்டத்தைப் பார்க்காது. அர்வாரிக் கரையின் 70 கிராமங்கள் 1990-களின் இறுதியிலேயே ஒரு நதி நாடாளுமன்றம் அமைத்து, அதிக நீர் குடிக்கும் பயிர்களுக்குத் தடை விதித்ததில் இருந்த விவேகம் இப்போது விளங்குகிறது.

தேனீயை எப்படி எண்ணுவது?

ஒரு நிறுவனம் கட்டிய அடுப்பையோ அணையையோ போய்ப் பார்க்கலாம். கூட்டமைப்பை எங்கே போய்ப் பார்ப்பது? அது நேரடியாக எதையும் கட்டுவதில்லை. பயிற்சி தருகிறது, விதையையும் தகவலையும் கைமாற்றுகிறது, சிறு அமைப்புகளை நிதி தருபவரிடம் கொண்டு சேர்க்கிறது, அரசிடம் அவர்கள் சார்பில் பேசுகிறது. பலன் தெரிவது உறுப்பு நிறுவனத்தின் பெயரில்.

அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர் அனில் குப்தா 1980-களின் இறுதியில் தொடங்கிய 'ஹனி பீ' கூட்டமைப்பு இதற்கு நல்ல உதாரணம். பூவுக்கு வலிக்காமல் தேன் எடுத்து, ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவுக்குக் கொண்டு போகும் தேனீ அதன் இலட்சியம். விவசாயியும் கைவினைஞரும் கண்டுபிடித்தவற்றை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்வது, அவர்கள் மொழியிலேயே திருப்பித் தருவது, லாபம் வந்தால் அவர்களுக்கும் பங்கு தருவது என்பவை விதிகள். 1993-ல் ஸ்ருஷ்டி என்ற அமைப்பு அதற்குத் தோள் கொடுக்க எழுந்தது. மதுரையின் சேவா நிறுவனம் நடத்தும் 'நம் வழி வேளாண்மை' இதழ் இந்தக் கூட்டமைப்பின் தமிழ்க் குரல். 2000-ல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் தேசிய கண்டுபிடிப்பு நிறுவனம் உருவானபோது, தன்னார்வமாக நடந்த ஒரு வேலைக்கு அரசின் நிலையான நிதி கிடைத்தது. இந்தியாவில் அபூர்வமாக நடக்கும் காரியம் அது.

இத்தகைய கூட்டமைப்பின் சேவையை மதிப்பிட வருபவர் பதிவேட்டில் எத்தனை கண்டுபிடிப்புகள் என்று எண்ணினால், தேனீக்களை எண்ணிவிட்டுத் தேனை மறந்தவராகிறார். பதிவான உத்தியை வேறொரு மாவட்டத்து விவசாயி படித்தாரா? தன் வயலில் முயன்றாரா? அடுத்த பருவத்திலும் செய்தாரா? கண்டுபிடித்தவருக்கு அதனால் பெயரோ பணமோ வந்ததா? இவற்றுக்கு விடை தேட ஆள் வேண்டும், பயணப் படி வேண்டும், காலம் வேண்டும்.

அந்தக் காலத்தில் பணம் வரும் குழாயே அடைபட்டால்? 2020-ல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் வந்த திருத்தம் கூட்டமைப்புகளின் அடிமடியில் கை வைத்தது. அதுவரை, வெளிநாட்டு நிதியைப் பெற்ற பெரிய நிறுவனம் அதில் ஒரு பகுதியை, இதே சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற சிறு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். மலைக் கிராமத்தில் நான்கு பேரோடு வேலை செய்யும் அமைப்புக்கு ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதவோ, டில்லிக்கும் ஜெனீவாவுக்கும் கடிதம் போடவோ ஆள் கிடையாது. கூட்டமைப்பு அதைச் செய்தது. புதிய திருத்தம் இந்தக் கைமாற்றத்தை முற்றிலும் தடை செய்தது. நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பணம் எங்கே போகிறது என்று கண்காணிக்க இது தேவை என்றது அரசு. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. கண்காணிப்பு எளிதாகியிருக்கலாம். ஆனால் நிதியைப் பங்கிட்டுத் தருவதையே முக்கியச் சேவையாகக் கொண்டிருந்த கூட்டமைப்புகளுக்கு, தாங்கள் வேறென்ன தருகிறோம் என்று காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது.

கம்பெனிப் பணமும் கம்பெனிக் கணக்கும்

வெளிநாட்டுக் குழாய் சுருங்கியபோது உள்நாட்டில் ஒன்று திறந்திருந்தது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் பட்டியலில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கும் இடமுண்டு.

கம்பெனிகள் பணத்தோடு தங்கள் பழக்கத்தையும் கொண்டு வந்தன. நிதியாண்டு மார்ச் 31-ல் முடியும். அதற்குள் செலவாக வேண்டும். மரம் நட்டால் எண்ணலாம். நட்ட மரம் மூன்றாம் கோடையைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது அடுத்த நிதியாண்டின் தலைவலி. 2021 ஜனவரியில் வந்த விதிகள் இதைக் கொஞ்சம் மாற்ற முயன்றன. சராசரியாக ரூ. 10 கோடிக்கு மேல் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய கம்பெனி, ரூ. 1 கோடிக்கு மேற்பட்ட திட்டங்கள் முடிந்து ஓராண்டு கழிந்தபின், வெளியாரைக் கொண்டு பலனை மதிப்பிட வேண்டும் என்று அவை கட்டளையிட்டன. மதிப்பீட்டுச் செலவையும் சமூகப் பணிக் கணக்கிலேயே ஒரு வரம்புக்குள் எழுதிக்கொள்ளலாம்.

ஓராண்டு காத்திருந்து பார்ப்பது நல்ல யோசனை. ஒடிசா அடுப்பின் உண்மை முகம் தெரிந்ததும் இரண்டாம் ஆண்டில்தான். ஆனால் இந்த விதி பெரிய கம்பெனியின் பெரிய திட்டத்துக்குத்தான். ரூ. 5 லட்சத்தில் விதை வங்கி நடத்தும் பெண்கள் குழுவை அளக்க யாரும் பணம் தருவதில்லை. அளக்காததால் சான்று இல்லை. சான்று இல்லாததால் பெரிய பணம் இல்லை.

இதன் அடியில் ஒரு பழைய நோய் இருக்கிறது. நன்கொடை தருபவருக்குத் தன் பணம் முழுக்க ஏழையின் கைக்குப் போக வேண்டும் என்று ஆசை. கணக்கரின் சம்பளம், அலுவலக வாடகை, ஊழியர் பயிற்சி, தகவல் சேகரிப்பு எல்லாம் வீண் செலவாகத் தோன்றுகின்றன. பிரிட்ஜ்ஸ்பான் நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் 40 முன்னணித் தொண்டு நிறுவனங்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. இத்தகைய மறைமுகச் செலவு நிறுவனத்துக்கு நிறுவனம் 5 முதல் 51 சதவீதம் வரை வேறுபட்டது. நடு அளவு 19 சதவீதம். எல்லோருக்கும் ஒரே சிறு விகிதம் என்று நிதி தருபவர்கள் வைத்திருக்கும் வழக்கம், துணிக்கடைக்கும் மருத்துவமனைக்கும் ஒரே வாடகை நிர்ணயிப்பது போலத்தான். மதிப்பீடு செய் என்று கேட்டுவிட்டு, மதிப்பீட்டாளரின் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்று வெட்டுவது இன்னும் விநோதம்.

புதிதாக இன்னொரு வாசலும் திறந்தது. சமூகப் பங்குச் சந்தை என்ற யோசனையை 2019 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2022-ல் செபி விதிகளை வகுத்தது. இதில் பதிவாகும் தொண்டு நிறுவனம், வட்டியும் கிடையாது முதலும் திரும்பாது என்ற பத்திரத்தை வெளியிடலாம். வாங்குபவருக்குக் கிடைப்பது ஆண்டுதோறும் ஒரு பலன் அறிக்கை மட்டும். அதைத் தகுதி பெற்றவர் சரிபார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் பெங்களூரின் உன்னதி அறக்கட்டளை முதல் நிறுவனமாகத் தேசியப் பங்குச் சந்தையில் ரூ. 1.8 கோடி திரட்டியது. அதற்கு முந்தைய மாதம் செபி எடுத்த முடிவு ஒன்று சுவையானது. 'சமூகத் தணிக்கையாளர்' என்ற பெயரை 'சமூகப் பலன் மதிப்பீட்டாளர்' என்று மாற்றியது. தணிக்கை என்றாலே தொண்டு நிறுவனங்கள் மிரள்கின்றன என்பது சந்தைக்கும் புரிந்திருந்தது!

உதவ வருபவர் செய்ய வேண்டியது

கணக்குத் தெரிந்தவர்கள், பொறியாளர்கள், மேலாண்மை மாணவர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் என்று பலர் இன்று சூழல் அமைப்புகளுக்கு உதவ முன்வருகிறார்கள். ஆல்வாரும் ஒடிசாவும் அவர்களுக்குச் சில பாடங்களை வைத்திருக்கின்றன.

முதலில், கூட்டமைப்பு என்ன செய்வதாகச் சொல்கிறது என்பதை ஒரே வரியில் எழுத வைக்க வேண்டும். 'விழிப்புணர்வு ஏற்படுத்துகிறோம்' என்பது வரியல்ல. 'உறுப்பு அமைப்புகளுக்கு நாட்டு விதை கிடைக்கச் செய்கிறோம்' என்றால் அதைச் சரிபார்க்கலாம். அடுத்து, சேவையைப் பெறுபவரைக் கேட்க வேண்டும். கூட்டமைப்பின் வாடிக்கையாளர்கள் அதன் உறுப்பினர்களே. இந்தச் சேவை நாளை நின்றால் உங்களுக்கு என்ன நஷ்டம், இதற்குக் கைக்காசு கொடுப்பீர்களா என்ற இரண்டு கேள்விகள் இருபது பக்கப் படிவத்தைவிட அதிகம் சொல்லும். பதில் சொல்பவரின் பெயர் வெளியே போகாது என்ற உறுதியும் வேண்டும். கூட்டமைப்பை நம்பிப் பிழைக்கும் சிறு அமைப்பு, அதன் தலைவர் எதிரில் குறை சொல்லாது.

மூன்றாவது, தொடங்கும் முன்பே அளக்க வேண்டும். கிணற்றின் நீர்மட்டத்தைத் திட்டம் முடிந்தபின் அளந்து, நல்ல மழை பெய்த ஆண்டின் புண்ணியத்தைத் தடுப்பணைக் கணக்கில் எழுதுவது எளிது. முன்பே அளந்த எண்ணும், திட்டம் இல்லாத பக்கத்து ஊரின் எண்ணும் இருந்தால் அந்த ஏமாற்று நடக்காது. இதற்குக் குலுக்கலும் வெளிநாட்டுப் பேராசிரியரும் தேவையில்லை. ஒரு கயிறும் நோட்டுப் புத்தகமும் ஒழுங்காக எழுதும் பள்ளிப் பிள்ளையும் போதும்.

நான்காவது, அறிக்கையை ஊருக்குப் படித்துக் காட்ட வேண்டும். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் முதல் பொது விசாரணையை நடத்தியபோது, அரசு வேலையின் கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரும் கட்டாத கட்டடத்தின் செலவும் அங்கேயே வெளிப்பட்டன. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் சமூகத் தணிக்கை இடம் பெற்றதற்கு அந்த வெயிலில் நடந்த வாசிப்பு ஒரு காரணம். அரசைக் கேட்ட அதே கேள்வியைத் தன்னிடமும் கேட்க அனுமதிக்கும் தொண்டு அமைப்புக்கு, ஊரின் நம்பிக்கையே பெரிய சிபாரிசு.

கடைசியாக, நிதி கேட்கும் விண்ணப்பத்தில் தோல்விக்கும் ஒரு பத்தி வேண்டும். என்ன பலிக்கவில்லை, ஏன், அதைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும் என்று எழுதும் அமைப்பு, பராமரிப்புக்கும் அளவீட்டுக்கும் தனித் தலைப்பில் பணம் கேட்க முடியும். எல்லாம் வெற்றி என்று எழுதியவர் அந்தத் தலைப்பை எந்த முகத்தோடு கேட்பார்? ஊரின் பங்குப் பணம் எவ்வளவு என்பதும் அதே விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். கிராம் விகாஸின் ஆயிரம் ரூபாய் வைப்பு நிதி போல, நன்கொடை நின்றபின்னும் நிற்கும் பணம் அது.

நிதி தருபவர்களுக்கும் இதில் வேலை உண்டு. நேர்மையாக வந்த கெட்ட முடிவுக்காகப் பணத்தை நிறுத்தினால், அடுத்த முறை நல்ல முடிவுகள் மட்டுமே மேசைக்கு வரும். ஒரு திட்டம் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து ஒருவரை அனுப்பிப் பார்க்க ஆகும் செலவு, அந்தத் திட்டத்தின் தொடக்க விழாவுக்குப் போடும் பந்தலைவிடப் பல இடங்களில் குறைவாகவே இருக்கும். அந்தச் செலவை முதல் நாளே ஒதுக்கி வைக்கும் கம்பெனிகளும் அறக்கட்டளைகளும் எத்தனை என்பதைப் பொறுத்தே, நாட்டின் சிறு சூழல் அமைப்புகள் இனி எதைக் கட்டும், கட்டியதில் எது நிற்கும் என்பது தீர்மானமாகும்.